தேசத் தலைவர்களின் பாதுகாப்பு எப்படி மாறிவந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டின் தலைவர் மீது தாக்குதல் நடந்த செய்தி வரும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுப்பப்படுகின்றன. மாணவர்களும் நண்பர்களும் வாசகர்களும் என்னிடம் கேட்டவற்றில் அடிக்கடி வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

அந்தக் காலத்துத் தலைவர்களுக்கெல்லாம் இவ்வளவு காவல் இருந்ததா?

அரசர்களுக்கு இருந்தது; மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களுக்கு நெடுங்காலம் இருக்கவில்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசரின் உயிரைக் காப்பதற்கென்றே விரிவான விதிகளைத் தருகிறது. சமைத்த உணவின் ஒரு பகுதியை நெருப்பிலும் பறவைகளுக்கும் இட்டுச் சோதித்த பிறகே அரசர் உண்ண வேண்டும் என்றும், படுக்கையிலிருந்து எழும் அரசரை முதலில் வில்லேந்திய பெண் காவலர்கள் சூழ வேண்டும் என்றும் அது கூறுகிறது. சதிக்கு அஞ்சி அரசர் இரவில் அவ்வப்போது படுக்கையை மாற்றிக்கொள்வார் என்று இந்திய அரசர்களைப் பற்றிய பழைய கிரேக்கக் குறிப்பு ஒன்றும் உண்டு.

சோழர் காலத்து வேளைக்காரப் படையினர் தங்கள் தலைவனுக்காக உயிரையும் கொடுப்பதாகச் சூளுரைத்தவர்கள். ரோமில் அகஸ்டஸ் பிரிட்டோரியன் காவற்படையை நிறுவினார். ஆக, ஆள்பவரைச் சுற்றி ஆயுதம் தாங்கியவர்கள் நிற்பது மிகப் பழைய வழக்கம்.

அப்படியானால் அரசர் காலத்துக் காவலுக்கும் இன்றைய காவலுக்கும் என்ன வித்தியாசம்?

பழைய காவல் ஆளுக்கு விசுவாசமானது. இன்றைய காவல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. இது சிறிய வேறுபாடு அன்று. பிரிட்டோரியன் படையினர் கி.பி. 41-இல் பேரரசர் கலிகுலாவைக் கொன்ற சதியில் பங்கெடுத்தார்கள். கி.பி. 193-இல் பெர்ட்டினாக்ஸைக் கொன்றுவிட்டு, அரியணையை ஏலம் விட்டு, அதிகப் பணம் தர முன்வந்த டிடியஸ் ஜூலியானஸைப் பேரரசராக்கினார்கள். அரசரைக் காக்கும் படையே அரசரை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாக இருந்தது. இன்று ஒரு குடியரசில் பாதுகாப்புப் படை எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது, யாரைக் காக்க வேண்டும், எத்தனை காலம் காக்க வேண்டும் என்பவற்றை நாடாளுமன்றம் எழுதிவைக்கிறது. தலைவர் மாறும் நாளில் அதே காவலர்கள் புதியவரைக் காக்கத் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது வேறுபாடு, காவல் நடக்கும் இடத்தைப் பற்றியது. முன்பு காவல் என்பது உடலுக்கு அருகில் நிற்பது. இப்போது தலைவர் வருவதற்குப் பல நாட்களுக்கு முன்பே, அவர் வரப்போகும் ஊரில் பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது. அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதே இந்தப் பக்கத்தின் மையம்.

மக்களாட்சித் தலைவர்கள் காவலே இல்லாமலா நடமாடினார்கள்?

பெரும்பாலும் ஆம். பிரிட்டிஷ் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் 1812 மே 11 அன்று நாடாளுமன்ற மக்களவையின் முகப்புக் கூடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் அங்கே அமைதியாகக் காத்திருக்க முடிந்தது. அமெரிக்காவில் லிங்கன் காலத்து வெள்ளை மாளிகைக்குள் வேலை கேட்டு வருவோர் வரிசை கட்டி நின்றார்கள். 1865 ஏப்ரல் 14 இரவு ஃபோர்டு நாடக அரங்கில் லிங்கனுக்குக் காவலாக அனுப்பப்பட்டிருந்தவர் வாஷிங்டன் காவல்துறையைச் சேர்ந்த ஒருவர். கொலையாளி நுழைந்தபோது அவர் தன் இடத்தில் இல்லை.

இதற்குச் சோம்பலும் சிக்கனமும் மட்டும் காரணமல்ல. காவல் சூழ வருவது அரசர்களின் வழக்கம், குடியரசின் தலைவர் சாதாரணக் குடிமகனைப் போல நடக்க வேண்டும் என்ற உறுதியான நம்பிக்கை அன்று இருந்தது. ஜேம்ஸ் கார்ஃபீல்டு, மின்னல் தாக்கிச் சாவதை எப்படித் தடுக்க முடியாதோ அப்படியே கொலையையும் தடுக்க முடியாது, இரண்டையும் எண்ணிக் கவலைப்படுவதில் பயனில்லை என்ற கருத்தில் கடிதம் எழுதியவர். அதிபரான அவர் 1881 ஜூலை 2 அன்று, காவலர் எவருமின்றி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் நடந்து சென்றபோது சுடப்பட்டு, செப்டம்பர் 19 அன்று உயிரிழந்தார். இரண்டு அதிபர்கள் கொல்லப்பட்ட பிறகும் முழுநேரக் காவல் ஏற்படுத்தப்படவில்லை என்பது இன்று படிக்கும்போது வியப்பைத் தருகிறது.

மூன்றாவது கொலைக்குப் பிறகே அது ஏற்பட்டது. 1901 செப்டம்பர் 6 அன்று பஃபலோ நகரக் கண்காட்சியில் வில்லியம் மெக்கின்லி பொதுமக்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். அந்த நிகழ்ச்சி ஆபத்தானது என்று அவருடைய செயலாளர் அதை நீக்க முயன்றும், மெக்கின்லி மீண்டும் சேர்த்துக்கொண்டார். வரிசையில் வருவோரின் கைகள் வெறுமையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அன்று வெப்பம் மிகுதியாக இருந்ததால் பலரும் கைக்குட்டையோடு நின்றார்கள், காவலர்கள் கண்டுகொள்ளவில்லை. கொலையாளியின் கைக்குட்டைக்குள் கைத்துப்பாக்கி இருந்தது.

சீக்ரெட் சர்வீஸ் கள்ள நோட்டைப் பிடிக்கத்தான் தொடங்கப்பட்டதாமே, உண்மையா?

உண்மை. 1865 ஜூலையில் அமெரிக்க நிதித்துறையின் கீழ், கள்ள நோட்டுகளை ஒழிப்பதற்காக அது தொடங்கப்பட்டது. மெக்கின்லி கொலைக்குப் பிறகு அதிபரைக் காக்கும் பொறுப்பு அதனிடம் வந்தது. 1902-இல் வெள்ளை மாளிகைக்கு முழுநேரமாக அமர்த்தப்பட்டவர்கள் இரண்டே பேர். 1906-இல் இதற்கெனப் பணம் ஒதுக்கப்பட்டது. 1950 நவம்பர் 1 அன்று அதிபர் ட்ரூமன் தங்கியிருந்த பிளேர் இல்லத்தின் மீது இருவர் நடத்திய தாக்குதலில் ஒரு காவலர் உயிரிழந்தார். அதன் பிறகு, 1951-இல்தான் இந்தப் பணிக்கு நிரந்தரச் சட்ட அடிப்படை கிடைத்தது. 2003 முதல் அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்குகிறது. கள்ள நோட்டு விசாரணையும் இன்றுவரை அதன் பணிகளில் ஒன்று.

குண்டு துளைக்காத கார் ஒன்று இருந்தால் போதாதா?

கார் மிகவும் உதவும். ஆனால் தலைவர் அதற்குள் இருக்க வேண்டும், அது ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் தவறியபோதெல்லாம் உயிர் போயிருக்கிறது.

1881 மார்ச்சில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் வலுவூட்டப்பட்ட வண்டியில் சென்றபோது முதல் வெடிகுண்டு வீசப்பட்டது. வண்டி தாங்கியது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காயமடைந்தவர்களைப் பார்க்க அவர் இறங்கினார். இரண்டாவது குண்டு அவர் காலடியில் வெடித்தது. நூறாண்டுகளுக்கும் மேல் கடந்து, 2007 டிசம்பர் 27 அன்று ராவல்பிண்டியில் கூட்டத்தை முடித்துவிட்டுக் கவச வாகனத்தில் புறப்பட்ட பாகிஸ்தானின் முன்னாள் பிரதமர் பேநசீர் புட்டோ, மக்களைப் பார்த்துக் கையசைக்க அதன் மேற்கூரைத் திறப்பு வழியாக எழுந்து நின்றார். துப்பாக்கிச் சூடும் தற்கொலைத் தாக்குதலும் அடுத்தடுத்து நடந்தன. வாகனத்துக்குள் அமர்ந்திருந்த மற்றவர்களுக்குப் பெரிய காயம் இல்லை.

வண்டி நிற்பதும் அதே அளவு ஆபத்து. பிரான்சின் நான்காம் ஹென்றி 1610-இல் குறுகிய பாரிஸ் தெருவொன்றில் நெரிசலில் சிக்கி நின்ற வண்டியில்தான் கத்தியால் குத்தப்பட்டார். 1914 ஜூன் 28 காலையில் சரயேவோவில் வெடிகுண்டுக்குத் தப்பிய ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டு, காயமடைந்தவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் புறப்பட்டார். வழி மாற்றப்பட்டதை ஓட்டுநரிடம் யாரும் சொல்லவில்லை. தவறான தெருவில் திரும்பிய கார் பின்னோக்கி வர நின்ற இடத்தில் கொலையாளி நின்றிருந்தார். இதற்கு மாறாக, 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே பிரெஞ்சு அதிபர் தெ கோலின் கார் மீது குண்டு மழை பொழிந்து டயர்கள் கிழிந்தபோதும், ஓட்டுநர் நிறுத்தாமல் ஓட்டியதால் அவரும் அவர் மனைவியும் தப்பினார்கள். அந்தக் கார் கவசம் பூண்டது அன்று. தாக்குதல் நடந்தால் அங்கே நிற்காதே, திருப்பித் தாக்குவதைவிடத் தலைவரை அப்புறப்படுத்துவதே முதற்கடமை என்று இன்று உலகெங்கும் மெய்க்காவலர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

கென்னடி கொலைக்குப் பிறகு அப்படி என்னதான் மாறியது?

அமெரிக்க அதிபர் கென்னடி டல்லஸ் நகரில் திறந்த காரில் ஊர்வலம் சென்றபோது, வழியிலிருந்த ஒரு கட்டடத்திலிருந்து சுடப்பட்டார். திறந்த காரில் ஊர்வலம் போகும் வழக்கம் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த மாற்றம். அதைவிட ஆழமானது, பாதுகாப்பின் எல்லை காரைத் தாண்டிக் கட்டடங்களுக்குச் சென்றதாகும். 1963 நவம்பர் 22-க்குச் சில நாட்களுக்கு முன்பே, ஊர்வலம் செல்லும் வழியை டல்லஸ் நாளிதழ்கள் வெளியிட்டிருந்தன. வழியில் இருக்கும் கட்டடங்களைச் சோதிப்பது அன்றைய வழக்கத்தில் இல்லை. கொலையை விசாரித்த வாரன் ஆணையம் தன் 1964 அறிக்கையில் இதைக் குறையாகச் சுட்டிக்காட்டியது. மிரட்டல் விடுத்தவர்களைப் பற்றிய தகவல்கள் துறைகளுக்கிடையே சரியாகப் பகிரப்படவில்லை என்றும் அது கூறியது.

சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அமெரிக்க அதிபரைக் கொல்வது அன்று மத்திய அரசுச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றமாகவே இல்லை. டெக்ஸஸ் மாநிலத்தின் கொலைச் சட்டம்தான் பொருந்தியது. 1965-இல் அது மாற்றப்பட்டது. 1968 ஜூனில், அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி கொல்லப்பட்ட பிறகு, அதிபர் பதவிக்குப் போட்டியிடும் முக்கிய வேட்பாளர்களுக்கும் காவல் விரிவாக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு விரிவாக்கமும் ஓர் இறப்புக்குப் பிறகே வந்திருக்கிறது. பெரும்பாலான நாடுகளின் வரலாறு இப்படித்தான் இருக்கிறது. விதிகள் கடந்த தாக்குதலைப் பார்த்து எழுதப்படுகின்றன. அடுத்தவர் விதியில் இல்லாத வழியைத் தேடி வருகிறார்.

தலைவரை ஒட்டி நிற்கும் அந்த நாலைந்து பேர்தானே பாதுகாப்பு?

அவர்கள் கடைசி அரண். மற்ற எல்லாம் தோற்றால்தான் அவர்களுக்கு வேலை வருகிறது. தலைவர் ஓர் ஊருக்குச் செல்வதற்கு முன்பே ஒரு குழு அங்கே சென்று, மேடை, நுழைவாயில்கள், சுற்றியுள்ள கூரைகள், மாற்று வழிகள், அருகிலுள்ள மருத்துவமனை, தொலைத்தொடர்பு ஆகியவற்றை ஆராய்கிறது. வருவோர் சோதிக்கப்படுகிறார்கள்; மோப்ப நாய்களும் வெடிகுண்டு நிபுணர்களும் இடத்தைத் துழாவுகிறார்கள். உளவுத் தகவல்கள் தனியே தொகுக்கப்படுகின்றன. நிகழ்ச்சியன்று காவல் வளையங்களாக அமைகிறது: உள்வளையத்தில் சிறப்புப் படை, நடுவில் சோதனையும் தடுப்புகளும், வெளியே உள்ளூர்க் காவல்துறை.

1981 மார்ச் 30 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்ட நிகழ்வு இதை நன்கு காட்டுகிறது. ஆறு குண்டுகள் இரண்டு விநாடிகளுக்குள் வந்தன. ஒரு காவலர் குண்டின் பாதையில் தன் உடலை நிறுத்தி அதைத் தாங்கினார். இன்னொருவர் அதிபரைக் காருக்குள் தள்ளினார். காரின் மீது பட்டுத் தெறித்த குண்டு ரீகனின் உடலில் பாய்ந்திருந்தது உடனே யாருக்கும் தெரியவில்லை. கார் முதலில் வெள்ளை மாளிகையை நோக்கித்தான் விரைந்தது. அவர் வாயில் ரத்தத்தைப் பார்த்த காவலர் அந்த நொடியிலேயே மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்ன முடிவு அவர் உயிரைக் காத்தது. ஆனால், துப்பாக்கியோடு ஒருவர் சோதனையின்றிச் சில மீட்டர் தொலைவில் நிற்க முடிந்தது நடுவளையத்தின் தோல்வி. அதன் பிறகு, அதிபருக்கு அருகில் வரும் எவரும் உலோகச் சோதனைக் கருவியைக் கடந்தே வர வேண்டும் என்பது நிலைபெற்றது. இரண்டு மாதங்களுக்குள் வத்திக்கானில் போப் இரண்டாம் ஜான் பாலும் சுடப்பட்டார். குண்டு துளைக்காத கண்ணாடிக்குள் நின்றபடி போப் ஊர்வலம் வரும் வாகனம் அதன் பின்னர்தான் வழக்கத்துக்கு வந்தது.

இந்தியாவில் பிரதமருக்கென்று தனிப் படை எப்போது வந்தது?

1981 வரை டில்லிக் காவல்துறையின் ஒரு பிரிவே பிரதமரைக் காத்தது. அந்த ஆண்டில் உளவுத்துறையின் கீழ் ஒரு சிறப்புப் பணிக் குழு அமைக்கப்பட்டது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி தம் இல்ல வளாகத்திலேயே தம் காவலர்கள் இருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பீர்பல்நாத் குழுவின் பரிந்துரைப்படி 1985-இல் சிறப்புப் பாதுகாப்புக் குழு, அதாவது எஸ்.பி.ஜி., உருவாக்கப்பட்டது, 1988-இல் அதற்கான சட்டம் நிறைவேறியது.

எஸ்.பி.ஜி. பிரதமரின் அண்மைப் பாதுகாப்பைக் கவனிக்கிறது. வெளிவளையம் மாநிலக் காவல்துறையின் பொறுப்பு. 2022 ஜனவரி 5 அன்று பஞ்சாபில் பிரதமரின் வாகன அணி ஒரு மேம்பாலத்தில் ஏறத்தாழ 20 நிமிடங்கள் முடங்கியபோது, யார் பொறுப்பு என்ற தகராறு மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையே எழுந்ததற்கு இந்தப் பிரிவினையே காரணம். உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி இந்து மல்ஹோத்ரா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது.

ராஜீவ் காந்திக்கு மட்டும் ஸ்ரீபெரும்புதூரில் ஏன் எஸ்.பி.ஜி. காவல் இல்லை?

1988 சட்டம் பதவியில் இருக்கும் பிரதமரையும் அவருடைய நெருங்கிய குடும்பத்தினரையும் மட்டுமே குறிப்பிட்டது. 1989 தேர்தலில் பதவியிழந்த ராஜீவ், அச்சுறுத்தல் சற்றும் குறையாத நிலையிலும், சட்டத்தின் எழுத்துப்படி அந்தக் காவலுக்கு வெளியே நின்றார். 1991 மே 21 இரவு, தேர்தல் கூட்டத்தில், மாலையோடு நெருங்கிய பெண் ஒருவர் உடலில் கட்டியிருந்த வெடிகுண்டை வெடிக்கச் செய்தார். மேலே சொன்ன நடுவளையம் அன்று இல்லை என்றே சொல்ல வேண்டும்: வந்தவர்கள் யார், எதற்காக அருகில் விடப்படுகிறார்கள் என்பது முறையாகச் சரிபார்க்கப்படவில்லை. பாதுகாப்புக் குறைபாடுகளை நீதிபதி வர்மா ஆணையம் ஆராய்ந்தது.

அந்த ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு முன்னாள் பிரதமர்களும் சேர்க்கப்பட்டார்கள். என் கருத்தில், இந்தியாவின் பாதுகாப்பு வரலாற்றில் மிகவும் வேதனையான பாடம் இது. கொலையாளிகள் பதவியைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்கள். சட்டம் பதவியை மட்டும் பார்த்தது.

இசட் பிளஸ் என்றாலும் எஸ்.பி.ஜி. என்றாலும் ஒன்றுதானே?

இல்லை. எக்ஸ், ஒய், ஒய் பிளஸ், இசட், இசட் பிளஸ் என்பவை அச்சுறுத்தலின் அளவைப் பொறுத்து உள்துறை அமைச்சகம் வழங்கும் வகைகள். இவற்றுக்கான காவலர்கள் மத்திய ரிசர்வ் காவல்படை போன்றவற்றிலிருந்து வருகிறார்கள். எஸ்.பி.ஜி. தனிச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனிப் படை.

பதவி போன பிறகும் மக்கள் வரிப்பணத்தில் எதற்குக் காவல்?

இந்தக் கேள்விக்கு நாடுகளே ஒரு முடிவில் நிற்கவில்லை. அமெரிக்கா 1965-இல் முன்னாள் அதிபர்களுக்கு வாழ்நாள் காவல் தந்தது. 1994-இல் பின்னாள் அதிபர்களுக்குப் பத்தாண்டு என்று குறைத்தது. 2013-இல் மீண்டும் வாழ்நாள் முழுவதும் என்று மாற்றியது. இந்தியா 1991-க்குப் பிறகு பத்தாண்டு என்றிருந்ததை 2003-இல் ஓராண்டாகவும், தேவைப்பட்டால் நீட்டிக்கத்தக்கதாகவும் மாற்றியது. 2019 திருத்தம், பதவி விலகிய நாளிலிருந்து ஐந்தாண்டு என்றும், குடும்பத்தினர் அவரோடு அரசு இல்லத்தில் வசித்தால் மட்டுமே என்றும் வரையறுத்தது. அதற்குச் சற்று முன்பு சோனியா காந்தி, ராகுல் காந்தி, பிரியங்கா காந்தி ஆகியோருக்கு எஸ்.பி.ஜி. விலக்கப்பட்டு, மத்திய ரிசர்வ் காவல்படையின் இசட் பிளஸ் காவல் தரப்பட்டது.

பதவியில் இருந்தபோது எடுத்த முடிவுகளுக்காகவே ஒருவர் பின்னாளில் பழிவாங்கப்படலாம். நாட்டுக்காக எடுத்த முடிவுக்கு அவர் தனியாக விலை கொடுக்க வேண்டும் என்றால், அடுத்து வருபவர் துணிந்து முடிவெடுக்கத் தயங்குவார். ஆகவே காவல் தேவை என்பதே என் நிலை. ஆனால் அது மதிப்பீட்டின் அடிப்படையில் நீளவும் சுருங்கவும் வேண்டும். பெருமைக்காகக் கேட்டுப் பெறும் காவல், உண்மையாகவே மிரட்டலுக்கு ஆளானவரிடமிருந்து காவலர்களைப் பறிக்கிறது.

காவலரே சுட்டால் யார் காப்பாற்றுவது?

இந்தத் துறையின் மிகப் பழைய அச்சம் இதுதான். பிரிட்டோரியன் படையைப் பற்றி முன்பே சொன்னேன். 1981 அக்டோபர் 6 அன்று எகிப்திய அதிபர் அன்வர் சதாத்தைக் கொன்றவர்கள், அவர் பார்வையிட்டுக்கொண்டிருந்த அணிவகுப்பில் வந்த படைவீரர்கள். இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் அவருடைய காவற்பணியில் இருந்தவர்கள். பொற்கோயில் ராணுவ நடவடிக்கைக்குப் பிறகு, சீக்கியக் காவலர்களை மாற்றும் யோசனையை அவர் ஏற்கவில்லை. ஒரு நாட்டின் பிரதமர் மதத்தைப் பார்த்துக் காவலரை விலக்குவது சரியாகாது என்ற அவருடைய எண்ணத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கொலைக்குப் பிறகு நிரபராதிகளான ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். 1993 மே 1 அன்று கொழும்பில் இலங்கை அதிபர் பிரேமதாசாவைக் கொன்ற தற்கொலையாளி, அவருடைய வீட்டுப் பணியாளர்களோடு பழகி நெருங்கியவர்.

இதற்கு முழுமையான தீர்வு இல்லை. பின்னணியை ஒருமுறை மட்டுமன்றித் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, ஒரே ஆளைச் சுற்றி நீண்ட காலம் ஒரே காவலரை வைக்காமல் சுழற்றுவது, ஒரு காவலர் மட்டும் தனித்து நிற்காதபடி பணியைப் பிரிப்பது ஆகியவையே வழிகள். 2021 ஜூலை 7 அன்று ஹெய்ட்டி அதிபர் மொயிஸ் தம் இல்லத்தில் கொல்லப்பட்டபோது காவலர் ஒருவருக்கும் காயம் ஏற்படவில்லை. உள்வளையம் ஆயுதத்தால் வீழ்ந்ததா, உள்ளிருந்தே திறந்துவிடப்பட்டதா என்ற ஐயம் அங்கேதான் எழுந்தது.

தலைவரே காவல் வேண்டாம் என்றால் என்ன செய்வது?

காந்தியடிகளின் நிகழ்வு இதற்கு முதல் எடுத்துக்காட்டு. 1948 ஜனவரி 20 அன்று பிர்லா இல்லத்துப் பிரார்த்தனைத் திடலில் வெடிகுண்டு வெடித்தது. அதன் பிறகும், பிரார்த்தனைக்கு வருவோரைச் சோதிக்க அவர் இசையவில்லை. பத்து நாட்கள் கழித்து அதே இடத்தில் சுடப்பட்டார். சோதனைக்கு இசையாதது அவருடைய அறம். ஆனால் முதல் குண்டுக்குப் பிறகு பிடிபட்டவரிடமிருந்து கிடைத்த தகவலை விரைந்து பயன்படுத்தாதது காவல்துறையின் தவறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, அவரே வேண்டாம் என்றார் என்று முடித்துவிடுவது நியாயமாகாது.

சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986 பிப்ரவரி 28 மாலை காவலர்களை அனுப்பிவிட்டு, மனைவியோடு திரைப்படம் பார்த்துத் திரும்பி நடந்துகொண்டிருந்தபோது ஸ்டாக்ஹோம் தெருவில் சுடப்பட்டார். அதே நகரில் 2003 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட், காவலின்றி ஒரு பெரிய கடையில் பொருள் வாங்கச் சென்றபோது கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அமெரிக்கச் சட்டப்படி, பதவியில் இருக்கும் அதிபரும் துணை அதிபரும், அந்தப் பதவிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பொறுப்பேற்கக் காத்திருப்பவர்களும் காவலை மறுக்க முடியாது, மற்றவர்கள் மறுக்கலாம். தலைவரின் உயிர் அவருக்கு மட்டும் உரியதன்று என்ற எண்ணம் இந்த விதிக்குள் இருக்கிறது.

துப்பாக்கியே எளிதில் கிடைக்காத நாட்டில் எதற்கு இவ்வளவு கெடுபிடி?

ஜப்பான் அப்படித்தான் எண்ணியிருந்தது. 1975-இல் பிரதமர் மிக்கி தக்கேவோ ஓர் இறுதிச் சடங்கில் தாக்கப்பட்ட பிறகு, டோக்கியோ காவல்துறையில் சிறப்புக் காவல் பிரிவு தொடங்கப்பட்டது. ஆனால் தேர்தல் கூட்டங்கள் தெருமுனையில், மக்களுக்கு மிக அருகில், தடுப்பின்றி நடந்தன. 2022 ஜூலை 8 அன்று நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய முதுகுப்புறம் போதிய காவலின்றி இருந்தது. வீட்டிலேயே செய்த துப்பாக்கியோடு ஒருவர் பின்னாலிருந்து வந்து சுட்டார். முதல் குண்டு படவில்லை. இரண்டாவது குண்டுக்கு மூன்று விநாடிகளுக்கும் குறைவான இடைவெளியே இருந்தது; அதற்குள் யாரும் அவரைக் கீழே தள்ளி மறைக்கவில்லை.

அதுவரை மாவட்டக் காவல்துறைகள் தங்கள் திட்டத்தைத் தாங்களே முடிவுசெய்துவந்தன. இப்போது தேசியக் காவல்துறை முன்கூட்டியே அவற்றைப் பார்வையிடுகிறது. தேசியக் காவல்துறைத் தலைவர் பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

உலகத்திலேயே அதிகச் செலவு செய்யும் அமெரிக்காவில் 2024-இல் டிரம்ப் மீது எப்படிச் சுட முடிந்தது?

2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் சுட்டவர், மேடையிலிருந்து சுமார் 130 மீட்டர் தொலைவில் ஒரு கூரையின் மீது இருந்தார். அந்தக் கட்டடம் சீக்ரெட் சர்வீஸின் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே, உள்ளூர்க் காவல்துறையின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. சந்தேகத்துக்குரிய ஒருவரை உள்ளூர்க் காவலர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். இரு தரப்பும் ஒரே தொடர்பு அமைப்பில் இல்லாததால் அந்தத் தகவல் மேடைக்கு அருகே நின்றவர்களுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. டிரம்ப்பின் காதில் காயம் ஏற்பட்டது; பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். சீக்ரெட் சர்வீஸ் இயக்குநர் பதவி விலகினார்.

உயரமான இடத்தைக் கவனிக்க வேண்டும் என்பது டல்லஸிலேயே கற்ற பாடம். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது கைநழுவியதற்குக் காரணம், வளையங்கள் சந்திக்கும் இடத்தில் யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லாததே. பஞ்சாப் மேம்பாலத்தில் நேர்ந்ததும் இதே வகைக் குழப்பம்தான்.

தலைவர் போவதற்காகச் சாலையை மறித்து எங்களை நிறுத்துவது நியாயமா?

ஓடும் வாகனம் நிற்கக் கூடாது என்பதற்கான காரணத்தை மேலே விளக்கியிருக்கிறேன். ஆகவே சில நிமிட மறிப்பு தவிர்க்க இயலாதது. ஆனால் மணிக்கணக்கில் நிறுத்துவது பாதுகாப்புக்கும் கேடு: வழி எது, நேரம் எது என்பதை நின்றுகொண்டிருக்கும் கூட்டமே ஊருக்கு அறிவித்துவிடுகிறது. ஆம்புலன்ஸுக்கு வழிவிட மறுக்கும் எந்தத் திட்டமும் மோசமான திட்டம். 2017 மே 1 முதல் இந்தியாவில் தலைவர்களின் வாகனங்களிலிருந்து சிவப்புச் சுழல்விளக்குகள் அகற்றப்பட்டன. அதனால் யாருடைய பாதுகாப்பும் குறைந்துவிடவில்லை என்பதைப் பார்த்தால், அந்த விளக்கு எதற்காக இருந்தது என்பது விளங்கும்.

இனி ட்ரோன்கள் வந்துவிட்டன. பழைய முறையெல்லாம் செல்லுமா?

2018 ஆகஸ்ட் 4 அன்று காரகாஸில் வெனிசுவேலா அதிபர் மதுரோ ராணுவ விழாவில் பேசிக்கொண்டிருந்தபோது, வெடிபொருள் ஏந்திய ட்ரோன்கள் வானில் வெடித்தன. மேடைக்கு மேலே உள்ள வானமும் ஒரு வளையம் என்பது அன்றே எல்லோருக்கும் உறைத்தது. இப்போது பெரிய நிகழ்ச்சிகளில் வான்வெளி தடைசெய்யப்படுகிறது, ட்ரோன்களைக் கண்டறிந்து அவற்றின் அலைவரிசையைக் குலைக்கும் கருவிகள் வைக்கப்படுகின்றன. ஆனாலும் பழைய முறை செல்லாததாகிவிடவில்லை. 2024 மே 15 அன்று சுலோவாக்கியப் பிரதமர் ஃபிக்கோ, தடுப்பு வேலி அருகே மக்களை வாழ்த்தச் சென்றபோது ஒரு சாதாரணக் கைத்துப்பாக்கியால்தான் சுடப்பட்டார், உயிர் பிழைத்தார்.

இன்னொரு புதிய வாயில், தகவல். முன்பு ஒரு தலைவர் எங்கே தங்குகிறார் என்பதை அறிய உளவாளி தேவைப்பட்டார். 2024 அக்டோபரில் பிரெஞ்சு நாளிதழ் லு மோந்த், அதிபர்களின் மெய்க்காவலர்கள் தங்கள் ஓட்டப் பயிற்சியை ஸ்ட்ராவா செயலியில் பொதுவில் பதிவிட்டதை வைத்தே, மக்ரோன், பைடன் போன்றவர்கள் எங்கே தங்கப்போகிறார்கள் என்பதை ஊகிக்க முடிந்ததைக் காட்டியது. ஆகவே இன்று முன்னாய்வுக் குழு ஓர் ஊருக்குப் போகும்போது, அங்குள்ள கூரைகளையும் சாலைகளையும் சோதிப்பதோடு, தன் ஆட்களின் கைபேசியிலும் கைக்கடிகாரத்திலும் என்ன பதிவாகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.